பிரித்தானியாவில் அசைலம் கேட்டவருக்கு அரச தங்குமிடம்: விண்ணப்பிக்கும் நாளில் இருந்து வீட்டை விடும் நாள் வரை

பிரித்தானியாவில் அசைலம், அதாவது புகலிடம் கேட்டுவிட்டு, நாளை எங்கே படுப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. சொந்தக்காரர் வீட்டில் இருந்தவரை எழும்பச் சொல்லியிருக்கலாம். படிக்க வந்தவருக்கு விசா முடிந்து காசும் முடிந்திருக்கலாம். யாராக இருந்தாலும் ஹோம் ஒஃபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) இரண்டை மட்டுமே பார்க்கும்: கடதாசி, திகதி. உங்கள் கஷ்டம் உண்மையாக இருந்தும் அதைக் காட்ட ஒரு கடதாசி இல்லாததால் மறுக்கப்படுகிற விண்ணப்பங்கள் நிறைய. ஆகவே இன்றைக்கே ஒரு கோப்பு வாங்குங்கள். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் கடித உறையோடு அதற்குள் போடுங்கள். கடிதம் கைக்கு வந்த திகதியை உறையில் பேனையால் எழுதிவையுங்கள். அந்தத் திகதி ஏன் தேவை என்பது 8ஆம் படியில் தெரியும்.

1. நீங்கள் எந்தப் பிரிவுக்குள் வருகிறீர்கள்?

எல்லோரும் 'ஹோம் ஒஃபிஸ் வீடு' என்று ஒரே சொல்லில் சொல்கிறார்கள். ஆனால் 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தில் மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. கடிதங்களில் இந்த எண்கள்தான் வரும்.

98ஆம் பிரிவு அவசர உதவி. இன்றிரவு தங்க இடமில்லை என்றால், முழு விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ஹோட்டலிலோ விடுதி போன்ற ஒரு இடத்திலோ சாப்பாட்டோடு தங்கவைப்பார்கள்.

95ஆம் பிரிவுதான் வழமையான உதவி. அசைலம் கேஸ் நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் வீடும் வாராந்தக் காசும் கிடைக்கும். மேன்முறையீட்டுக் காலமும் இதற்குள் அடங்கும். கணவன் அல்லது மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம்.

4ஆம் பிரிவு, கேஸ் தோற்று மேன்முறையீடும் முடிந்தவர்களுக்கு. நிபந்தனைகள் கடுமையானவை. 9ஆம் படியில் பாருங்கள்.

அசைலம் கோரிக்கை ஹோம் ஒஃபிஸில் பதிவாகியிருந்தால்தான் 98, 95 இரண்டும் பொருந்தும். விசா நீடிப்புக்கோ குடும்ப விசாவுக்கோ போட்ட விண்ணப்பத்தை வைத்து இந்த வீட்டைக் கேட்க முடியாது. பெற்றோர் யாரும் இல்லாமல் தனியாக வந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உள்ளூர் கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவு பொறுப்பெடுக்கும். அவர்கள் இந்தப் படிவம் நிரப்பத் தேவையில்லை.

நாட்டுக்குள் வந்து மாதக்கணக்கில் இருந்துவிட்டு அசைலம் கேட்டவர்களிடம், 'ஏன் உடனே கேட்கவில்லை?' என்று கேட்பார்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தாமதமாகக் கேட்டவருக்கு உதவியை மறுக்க இடம் தருகிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தாது. தனியாட்கள் தாமதத்துக்கான காரணத்தை அசைலம் கேஸில் சொன்னபடியே சொல்ல வேண்டும். ஊரில் நிலைமை மாறியது, விசா இருந்தவரை திருப்பி அனுப்பும் பயம் இருக்கவில்லை, நோய், தவறான ஆலோசனை என்று உண்மை எதுவோ அதைத் திகதியோடு சொல்லுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு கதை வந்தால் வீடு மட்டும் போகாது, அசைலம் கேஸும் அடிபடும்.

2. விண்ணப்பிப்பது எப்படி?

அசைலம் பதியும் முதல் நேர்காணலின்போதே இடமில்லாதவர், அங்கேயே 'எனக்குத் தங்க இடமில்லை' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். பலர் வெட்கத்தில் 'ஒரு அண்ணா வீட்டில் நிற்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். அது அப்படியே பதிவாகிவிடும். அந்த அண்ணா இரண்டு இரவுக்கு மட்டும்தான் சம்மதித்தார் என்றால், அந்த இரண்டு இரவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு விண்ணப்பிப்பவர்கள் மைக்ரன்ற் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். ஹோம் ஒஃபிஸ் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்திருக்கிறது. எண் 0808 8010 503. 24 மணி நேரமும் வாரம் ஏழு நாளும் இயங்கும், அழைப்பு இலவசம். எடுத்தவுடன் மொழி 'ரமில்' (தமிழ்) என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்கும் காசில்லை. காத்திருப்பு நீளமாக இருக்கும். கைபேசியை முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, அதிகாலையிலோ இரவிலோ எடுத்துப் பாருங்கள்.

நிரப்ப வேண்டியது ஏ.எஸ்.எஃப்.1 என்ற படிவம். மைக்ரன்ற் ஹெல்ப் ஆலோசகர் தொலைபேசியிலேயே உங்களிடம் கேட்டு நிரப்பித் தருவார். விண்ணப்பக் கட்டணம் ஒரு பென்சும் கிடையாது. 'படிவம் நிரப்பித் தருகிறேன், இவ்வளவு தா' என்று கேட்கிறவரிடம் போகாதீர்கள். அவர் எழுதியது தவறானாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்துத்தான்.

ஒவ்வொரு அழைப்பிலும் மூன்றைக் குறித்துவையுங்கள்: நாளும் நேரமும், பேசியவரின் பெயர், குறிப்பு இலக்கம். இலக்கம் தராமல் போனை வைக்க விடாதீர்கள். இடமில்லாதவர்கள் அதே அழைப்பில் 98ஆம் பிரிவு அவசர உதவியும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். 95இன் முடிவு வரப் பல வாரங்கள் இழுபடும்.

3. 'ஒன்றும் இல்லை' என்பதை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்தப் படியில்தான் விழுகின்றன.

சட்டம் கேட்கும் கேள்வி: உங்களுக்குத் தகுந்த தங்குமிடமோ, சாப்பாடு உடுப்பு போன்ற அத்தியாவசியங்களுக்கு வழியோ இல்லையா, அல்லது அடுத்த 14 நாளுக்குள் இல்லாமல் போகுமா? இரண்டும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றில்லை, ஒன்று போதும். சொந்தக்காரர் வீட்டில் படுக்க இடமிருக்கிறது, சாப்பாட்டுக்குக் காசில்லை என்றால் காசு உதவியை மட்டும் கேட்கலாம். லண்டனை விட்டுப் போக விரும்பாதவர்கள் பலர் இந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

சேர்க்க வேண்டியவை:

ஏ.ஆர்.சி அட்டை (அசைலம் கேட்டவருக்கு ஹோம் ஒஃபிஸ் தரும் அடையாள அட்டை), அல்லது அசைலம் பதிந்தபோது தந்த குடிவரவுப் பிணைக் கடிதம். குடும்பத்தில் ஒவ்வொருவருடையதும் வேண்டும்.

எல்லா வங்கிக் கணக்குகளின் கூற்றும். பூச்சியம் இருக்கும் கணக்கு, மொன்சோ, ரெவொலூற் போன்ற கைபேசிக் கணக்கு, மனைவி பெயரில் உள்ள கணக்கு எல்லாமே இதற்குள் வரும். ஆறு மாதத்துக்கு எடுத்துவைத்தால் பிறகு மீண்டும் கேட்டுக் கடிதம் வராது.

கூற்றை அப்படியே அனுப்பாதீர்கள். உள்ளே வந்த ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள். '12 மார்ச், 300 பவுண்' என்று ஒரு வரி இருந்தால், 'மனைவியின் தம்பி கடனாகத் தந்தது, அந்த மாத அறை வாடகைக்குக் கொடுத்தேன், இனித் தரமுடியாது என்கிறார், அவருடைய கடிதம் 4ஆம் இணைப்பு' என்று எழுத வேண்டும். விளக்கம் இல்லாத 300 பவுண், அதிகாரியின் கண்ணுக்கு மாதாமாதம் வரும் வருமானம். சீட்டுக் காசு உங்கள் கணக்கு வழியாகப் போய்வந்திருந்தால் யாருடைய காசு, எங்கே போனது என்பதை இன்னும் கவனமாக எழுதுங்கள். மற்றவருக்காக உங்கள் கணக்கில் காசு போட்டு எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விசாவுக்கு வங்கியில் காட்டிய பணத்தின் ஆவணம் ஹோம் ஒஃபிஸிடமே இருக்கிறது. 'அந்தப் பணம் எங்கே?' என்ற கேள்வி கட்டாயம் வரும். கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது என்றால் ரசீது, கடனாக வாங்கிக் காட்டியது என்றால் திருப்பிக் கொடுத்த வங்கிப் பதிவும் கடன் தந்தவரின் கடிதமும் வேண்டும். கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள்.

இதுவரை வைத்திருந்தவரின் கடிதம். எங்கள் ஆட்கள் இதில் மிகவும் சறுக்குகிறார்கள். ஒரே ஊர்க்காரரை 'எழும்பச் சொன்னேன்' என்று எழுதக் கை கூசும். அதனால் 'தம்பி நல்ல பிள்ளை, எங்களால் முடிந்தவரை பார்த்துக்கொண்டோம்' என்று மரியாதையாக எழுதிக் கொடுப்பார்கள். அதிகாரி அதை, 'இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது' என்று வாசிப்பார். கடிதத்தில் இருக்க வேண்டியவை: அவருடைய முழுப்பெயர், விலாசம், தொலைபேசி எண், எந்தத் திகதியில் இருந்து வைத்திருந்தார், என்னென்ன கொடுத்தார், ஏன் இனி முடியாது, எந்தத் திகதிக்கு முன் நீங்கள் வெளியேற வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

'இவர் 3 ஜனவரியில் இருந்து என் வீட்டு முன் அறையில் சோபாவில் படுக்கிறார். சாப்பாடு கொடுத்தேன், காசு கொடுக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். வாடகை ஒப்பந்தத்தில் வேறு ஆளை வைத்திருக்க அனுமதி இல்லை, பிரதி இணைத்திருக்கிறேன். 28 மார்ச்சுக்குப் பிறகு இவரை வைத்திருக்க முடியாது.'

கடிதம் எழுதியவரை ஹோம் ஒஃபிஸ் தொலைபேசியில் கூப்பிடவும் கூடும். 'ஓம், கொஞ்ச நாள் இருக்கட்டும், பரவாயில்லை' என்று அவர் வாய்தவறிச் சொன்னால் கடிதம் செல்லாக்காசு. என்ன எழுதினாரோ அதையே சொல்லும்படி முன்கூட்டியே பேசிவையுங்கள். பொய்யாக எழுதச் சொல்லாதீர்கள். அது உதவியை நிறுத்துவதோடு குற்றமாகவும் முடியலாம்.

சொத்து. இலங்கையில் உள்ள காணி, வீடு, இங்குள்ள கார், சேமிப்பு எல்லாம் படிவத்தில் எழுத வேண்டும். காணி இருப்பதால் மட்டும் மறுக்க மாட்டார்கள். அதை விற்று இங்கே காசாக எடுக்க முடியுமா என்பதே கேள்வி. உறுதி அம்மா பெயரில், ஈட்டில் இருக்கிறது, இராணுவம் பிடித்துவைத்திருக்கிறது, சகோதரர்களுக்குப் பங்குண்டு என்றால் அதை எழுதி, ஆவணம் இருந்தால் இணையுங்கள். தாலிக்கொடி, காப்பு போன்ற பெறுமதியான நகைகளை மறைக்காதீர்கள். விற்றால் விற்ற தொகையை அறிவிக்க வேண்டும்.

மருத்துவக் கடிதங்கள். கர்ப்பம் என்றால் 20ஆம் வாரத்துக்குப் பிறகு மருத்துவிச்சி தரும் மாற் பி1 சான்றிதழ். சித்திரவதைக் காயம், மனநலச் சிகிச்சை என்றால் ஜீபியின் (குடும்ப வைத்தியரின்) கடிதம். இவை உதவி கிடைப்பதற்கு மட்டுமல்ல, எந்த ஊர், எந்த மாடி, தனி அறையா என்பதற்கும் தேவை.

4. எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

உங்களிடம் கேட்டு அனுப்ப மாட்டார்கள். முதலில் தற்காலிக இடம், பிறகு நீண்ட காலத்துக்கு ஒரு வீடு. பெரும்பாலும் லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் வெளியே இருக்கும். தனியாட்களுக்கு வேறு ஆட்களோடு பகிரும் வீட்டில் அறை, குடும்பத்துக்குத் தனி வீடு அல்லது தொடர்மாடி. ஹோட்டலில் அறையையே இன்னொருவருடன் பகிர வேண்டி வருவது சாதாரணம்.

வீடுகளை நடத்துவது மூன்று நிறுவனங்கள். இங்கிலாந்தின் வடமேற்கு, மத்திய பகுதி, கிழக்கு ஆகியவை செர்கோவிடம். ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து, இங்கிலாந்தின் வடகிழக்கு, யோர்க்ஷயர் பகுதிகள் மியர்ஸிடம். தென் இங்கிலாந்தும் வேல்ஸும் கிளியர்ஸ்பிரிங்ஸிடம். வீட்டுக் கதவில் எந்தப் பெயர் இருந்தாலும், முறைப்பாடு மட்டும் மைக்ரன்ற் ஹெல்ப் வழியாகத்தான் போகும்.

லண்டனில் அக்கா இருக்கிறார், கோயில் இருக்கிறது, தமிழ்க் கடை பக்கத்தில் என்பதெல்லாம் காரணமாக எடுபடாது. எடுபடுபவை சில. பிள்ளை ஜீ.சி.எஸ்.ஈ அல்லது ஏ லெவல் பரீட்சை ஆண்டில் இருந்து, அந்தப் பாடசாலையில் ஏற்கெனவே படித்துவருவது. பிரசவத்தை ஒட்டிய வாரங்கள். இடையில் நிறுத்த முடியாத சிகிச்சை. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் ஃபிறீடம் ஃபிறொம் ரோச்சர், ஹெலன் பம்பர் ஃபவுண்டேசன் ஆகிய தொண்டு நிறுவனங்களில் சிகிச்சை பெறுகிறவர்களை அங்கே போய்வரக்கூடிய தூரத்தில் வைக்க வேண்டும் என்று ஹோம் ஒஃபிஸின் சொந்தக் கொள்கையே சொல்கிறது. அங்கே சிகிச்சையில் இருக்கிறவர் அந்த நிறுவனத்தின் கடிதத்தை விண்ணப்பத்தோடே கொடுக்க வேண்டும். புது இடத்துக்கு ஏற்றிப்போகும் வாகனம் வாசலுக்கு வந்தபின் கடிதத்தைத் தேடிப் பயனில்லை.

வாகனம் வரும் நாளில் ஏற மறுத்தால், 'தந்த இடத்தை ஏற்கவில்லை' என்று எழுதி உதவியை நிறுத்தலாம். இடம் பொருந்தாது என்று நினைத்தாலும், தகுந்த மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் முதலில் போங்கள். போய் இருந்துகொண்டு மாற்றம் கேட்பதுதான் பாதுகாப்பு. சாமான் ஏற்ற இடம் குறைவாக இருக்கும். கோப்பு, மருந்து, பிள்ளையின் பாடசாலைக் கடிதங்கள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்த கிழமையிலேயே புது விலாசத்தை உங்கள் சொலிசிற்றருக்கும் (வழக்கறிஞருக்கும்), ஹோம் ஒஃபிஸுக்காகக் கையெழுத்துப் போடும் நிலையத்துக்கும், ஹோம் ஒஃபிஸின் அசைலம் பிரிவுக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். வீட்டுப் பிரிவுக்குத் தெரிந்தது கேஸ் பிரிவுக்குத் தெரியும் என்று நம்பி, நேர்காணல் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்க் கேஸையே இழந்தவர்கள் உண்டு. ஜீபியிலும் உடனே பதியுங்கள்.

5. வாராந்தக் காசும் ஆஸ்பன் அட்டையும்

காசு, ஆஸ்பன் என்ற அட்டையில் வாரத்துக்கு ஒருமுறை ஏறும். சமைத்துச் சாப்பிடும் வீட்டில் ஆளுக்கு 49.18 பவுண். சாப்பாடு தரும் ஹோட்டலில் 9.95 பவுண். கர்ப்பிணிக்கும் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கும் வாரம் 5.25, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 9.50 கூடுதலாக உண்டு. பிரசவத்துக்கு ஒருமுறை 300 பவுண். இந்தத் தொகைகளை அவ்வப்போது மாற்றுவார்கள், உங்கள் கடிதத்தில் இருப்பதே இறுதி. கூடுதல் காசு எதுவும் தானாக வராது. மாற் பி1 அல்லது பிறப்புச் சான்றிதழோடு மைக்ரன்ற் ஹெல்பிடம் கேட்க வேண்டும். பிரசவப் பணத்தைக் குழந்தை பிறக்க எட்டு வாரம் இருக்கும்போதே கேட்கலாம்.

வீட்டு வாடகை, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கவுன்சில் வரி எதுவும் நீங்கள் கட்டுவதில்லை. தொலைக்காட்சி வைத்திருந்தால் அதற்கான உரிமக் கட்டணம் மட்டும் உங்களுடையது. மருந்து, பல், கண்ணாடி ஆகியவற்றின் செலவுக்கு உதவும் எச்.சி.2 சான்றிதழ் வரும். பல் வைத்தியரிடம் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.

அட்டையை வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள். அது எங்கே, எப்போது பயன்பட்டது என்பதை ஹோம் ஒஃபிஸ் பார்க்க முடியும். வீடு வடக்கே ஹல் நகரில் இருக்க, அட்டை நாலு வாரமாக லண்டன் ஈஸ்ற் ஹாம் கடைகளில் தேய்க்கப்பட்டால், 'தந்த வீட்டில் இவர் இல்லை' என்று கடிதம் வரும். அட்டை தொலைந்தால் அன்றே அறிவியுங்கள். மாற்று அட்டை வரும்வரை கையில் காசில்லை என்பதையும் அதே அழைப்பில் சொல்லி, இடைக்கால உதவி கேளுங்கள்.

6. வீடு பழுதாக இருந்தால்

திறப்பு கையில் வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் கைபேசியில் படம் எடுங்கள். சுவர் மூலை, யன்னல் ஓரம், மெத்தையின் கீழ்ப்பக்கம், குசினி அலுமாரி, பொயிலர், புகை அறிவிப்பான். பழைய உடைவுக்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாமல் அந்தப் படங்கள் காக்கும். கட்டில், மெத்தை, உடுப்பு அலுமாரி, அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், சமையல் பாத்திரம் இவற்றில் எது குறைந்தாலும் முதல் நாளே கேளுங்கள்.

பழுதைச் சொல்லும்போது, பொதுவாகச் சொன்னால் பொதுவாகவே எழுதுவார்கள். 'வீடு சரியில்லை' என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: 'பின் படுக்கையறை, யன்னலுக்கு இடப்பக்கச் சுவர், ஒரு மீற்றர் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். அந்த அறையில் நாலு வயதுப் பிள்ளை படுக்கிறது, ஆஸ்துமா உண்டு, ஜீபி கடிதம் இருக்கிறது. 6ஆம் திகதி முதல் முறை அறிவித்தேன், குறிப்பு இலக்கம் இது.' பூஞ்சணத்தோடு பிள்ளையின் வயதும் நோயும் சேரும்போதுதான் அவசரத்தின் அளவு மாறும்.

வீட்டுக்கு வரும் ஹவுசிங் ஒஃபிசரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாயால் சொன்னதற்குப் பதிவு இல்லை. மைக்ரன்ற் ஹெல்பில் பதிந்தால்தான் நாள் எண்ணத் தொடங்கும். திருத்துவதற்குச் சொன்ன தவணை கடந்தும் ஆள் வராவிட்டால் அதே எண்ணில் 'இது பழுது அறிவிப்பு அல்ல, முறைப்பாடு' என்று சொல்லித் தனியாகப் பதியுங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைப் பார்வையிட வரச் சொல்லலாம். நடத்துவது ஹோம் ஒஃபிஸின் ஒப்பந்தக்காரராக இருந்தாலும் கவுன்சிலின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். வாக்குரிமை இல்லாதவரும் எழுதலாம், பதில் வரும்.

எரிவாயு மணந்தால் யாருக்கும் முறைப்பாடு எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம். யன்னலைத் திறந்து வெளியே வந்து, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில் 0800 111 999ஐ எடுங்கள். பழுதைக் கேட்டதற்காக உங்கள் அசைலம் கேஸ் பாதிக்கப்படாது. அந்தப் பயத்தில் குளிரில் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் இருக்கிறவர்கள் பலர், அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

7. உதவியை இழக்கவைக்கும் தவறுகள்

தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாமல் இருப்பது, அல்லது ஆறு மாதத்தில் மொத்தம் 14 நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் வெளியே தங்குவது விதிமீறல். திருவிழா, செத்தவீடு, கல்யாணம் என்று லண்டனுக்குப் போனால் நாளை எண்ணுங்கள். கூடுதல் நாள் தேவைப்பட்டால் முதலே அறிவித்துக் குறிப்பு இலக்கம் வாங்குங்கள். மருத்துவமனையில் இருந்தால் அதன் கடிதம் வேண்டும்.

வேறு ஆளை இரவில் தங்கவைப்பது, கையில் காசு வாங்கி வேலை செய்வது, திருமணம், குழந்தை, புதிய வருமானம் ஆகியவற்றை அறிவிக்காமல் விடுவது எல்லாம் இதே விளைவைத் தரும். நிறுத்துவதற்கு முன் காரணம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத நாட்கள் கொஞ்சம்தான். ஹோட்டலில் கடிதங்கள் வரவேற்பு மேசையில் தேங்கிக் கிடக்கும், ஒவ்வொரு நாளும் போய்க் கேளுங்கள்.

8. மறுத்துவிட்டால், நிறுத்திவிட்டால்: மூன்று நாள்

95 அல்லது 4ஆம் பிரிவு உதவியை மறுத்தாலோ நிறுத்தினாலோ, புகலிட உதவிக்கான தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. ஆனால் முடிவுக் கடிதம் உங்கள் கைக்கு வந்து மூன்று நாளுக்குள் படிவம் அங்கே போய்ச் சேர வேண்டும். உறையில் திகதி எழுதச் சொன்னது இதற்காகத்தான். சொலிசிற்றரின் நேரம் அடுத்த கிழமைதான் கிடைக்கும் என்றால் காத்திருக்காதீர்கள். படிவத்தை நீங்களே நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பலாம். முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் இணைத்து, மறுப்புக்குச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வரிப் பதில் போதும். ஆதாரங்களைப் பின்னர் சேர்க்கலாம். நாள் கடந்திருந்தால் தாமதத்தின் காரணத்தை எழுதி, கால நீடிப்புக் கேளுங்கள்.

படிவத்தில் 'வாய்மொழி விசாரணை வேண்டும்' என்ற பெட்டியில் அடையாளம் இடுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். கடதாசியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், வங்கிக் கூற்றில் உள்ள அந்த 300 பவுணை நீங்கள் வாயால் விளக்க வாய்ப்பே இருக்காது. அசைலம் சப்போற் அப்பீல்ஸ் புரொஜெக்ற் என்ற தொண்டு நிறுவனம் இந்த விசாரணைகளில் இலவசமாக வாதாடுகிறது. படிவம் அனுப்பிய உடனே தொடர்புகொள்ளுங்கள்.

எந்த ஊர், எந்த வீடு என்பதற்காக இங்கே மேன்முறையீடு செய்ய முடியாது. 98ஆம் பிரிவு அவசர இடத்தை மறுத்தாலும் முடியாது. அதற்குச் சட்ட உதவியில் வேலைசெய்யும் சொலிசிற்றர் வழியாக நீதிமன்ற மீளாய்வுக்குத்தான் போக வேண்டும். முடிவெடுக்காமல் இழுத்தடித்தாலும் அதே வழிதான். பெரும்பாலும் சொலிசிற்றரின் முன்னறிவித்தல் கடிதத்திலேயே விடயம் அசையும்.

9. கேஸ் தோற்றுவிட்டால்

மேன்முறையீட்டு உரிமை எல்லாம் முடிந்து 21 நாளில் 95 நிற்கும். அந்த நேரத்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் 95ஆம் பிரிவு தொடரும். குடும்பங்கள் கடிதத்தைப் பார்த்துப் பயந்து தாமாக வீட்டை விட்டு வெளியேறிவிடக்கூடாது.

மற்றவர்கள் 4ஆம் பிரிவு கேட்கலாம். கையில் வழியில்லை என்பதோடு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: நாடு திரும்ப எல்லா முயற்சியும் எடுக்கிறீர்கள். உடல்நிலையால் பயணம் செய்ய முடியாது. திரும்பிப் போகப் பாதை இல்லை என்று அரசே ஏற்றிருக்கிறது. நீதிமன்ற மீளாய்வுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அல்லது உதவி தராவிட்டால் மனித உரிமை மீறலாகும். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் கடைசிக் காரணத்தில்தான் வருகிறார்கள், அதாவது புதிய ஆதாரங்களோடு மறுபடி கொடுத்த விண்ணப்பம் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்று. அது ஹோம் ஒஃபிஸுக்குப் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். 'லோயர் போடப்போகிறார்' என்பது போதாது. 4ஆம் பிரிவில் இடமும் அட்டையும் சேர்ந்தே வரும். இடத்தை வேண்டாம் என்றால் காசும் இல்லை. அட்டையில் கடையில் வாங்கலாம், பணமாக எடுக்க முடியாது.

10. விசா கிடைத்த நாளில் இருந்து

எல்லோரும் மகிழ்ச்சியில் கவனம் விடும் இடம் இது. அசைலம் ஏற்கப்பட்டு விசா வந்தவுடன் ஹோம் ஒஃபிஸ் வீட்டை விடுவதற்கான நாள் எண்ணத் தொடங்குகிறது. அடிப்படை விதி 28 நாள். 2024 டிசம்பரில் சோதனையாக 56 நாள் கொடுக்கத் தொடங்கினார்கள், 2025 செப்ரெம்பரில் தனியாட்களில் பலருக்கு அது மீண்டும் 28 ஆயிற்று. ஆகவே பக்கத்து அறைக்காரருக்குக் கிடைத்த நாட்களை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள திகதிதான் கணக்கு.

யுனிவர்சல் கிறெடிற் என்ற அரச உதவிப் பணத்தின் முதல் காசு வர ஐந்து கிழமை, அதாவது 35 நாள். 28 நாளில் வீடு போகும், 35ஆம் நாளில்தான் காசு வரும். ஒரு நாள் தாமதித்தாலும் இந்த இடைவெளி ஒரு நாள் நீளும். எனவே முடிவு வந்த அன்றே ஈ-விசாக் கணக்கை (இணையத்தில் இருக்கும் உங்கள் விசாப் பதிவை) திறந்து, பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று பாருங்கள். எங்கள் பெயர்களில் முதற்பெயரும் தகப்பன் பெயரும் இடம்மாறி விழுவது அடிக்கடி நடக்கும். பிழை இருந்தால் வங்கியும் கவுன்சிலும் ஏற்காது, உடனே திருத்தக் கேளுங்கள். அன்றே யுனிவர்சல் கிறெடிற்றுக்கு விண்ணப்பியுங்கள். தேசிய காப்புறுதி எண் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு இல்லையென்றால் அடிப்படைக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். முற்பணமும் கேட்கலாம், அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். ஒருங்கிணைவுக் கடன் என்று ஒன்றும் உண்டு, வட்டி இல்லை, தனியாளுக்கு 500 பவுண் வரையும் தம்பதிக்கு 780 வரையும் கிடைக்கும். வீட்டு முற்பணத்துக்கு உதவும்.

கவுன்சிலுக்கும் அதே கிழமையில் போங்கள். இங்கிலாந்தில் 56 நாளுக்குள் வீடில்லாமல் போகப்போகிறவருக்கு உதவும் கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது, 2017ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 'வெளியேற்றும் நாளன்று வா' என்று வரவேற்பில் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தப் பதிலை எழுத்தில் தரும்படி கேளுங்கள். உதவி நிறுத்தும் கடிதம், ஈ-விசாவின் பகிர்வு இலக்கம், மருத்துவக் கடிதங்கள் மூன்றையும் கொண்டுபோங்கள். பிள்ளை உள்ளவர், கர்ப்பிணி, நோயாலோ சித்திரவதையின் பாதிப்பாலோ தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் ஆகியோருக்குத் தற்காலிக இடம் தர வேண்டும். உடலும் மனமும் சுகமான தனியாளுக்கு ஆலோசனையும் தனியார் அறை தேடும் உதவியும்தான் பெரும்பாலும் கிடைக்கும். 35 வயதுக்குட்பட்ட தனியாளுக்குத் தனியார் வீட்டு வாடகை உதவி, பகிரும் வீட்டின் ஒரு அறைக்கான அளவுதான். அதற்கு மேல் வாடகை உள்ள இடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மிச்சம் உங்கள் சாப்பாட்டுக் காசில் இருந்து போகும்.

கடைசியாக ஊர்ப் பிரச்சினை. 95ஆம் பிரிவில் எந்தக் கவுன்சில் பகுதியில் வீடு தந்தார்களோ, சட்டப்படி உங்களுக்கு அந்தப் பகுதியோடுதான் தொடர்பு உண்டு. விசா வந்த கையோடு லண்டனில் ஹரோவுக்கோ ரூற்றிங்குக்கோ வந்து அங்குள்ள கவுன்சிலில் போய் நின்றால், உங்களைப் பழைய ஊர்க் கவுன்சிலுக்கே திருப்பி அனுப்பலாம். பெற்றோர், சகோதரர், வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பகுதியில் ஐந்து ஆண்டாவது வாழ்ந்திருந்தாலோ, அங்கே உங்களுக்கு வேலை கிடைத்திருந்தாலோ அதைக் காட்டி வாதாடலாம். ஆதாரத்தை முதல் நாளே கையில் வைத்திருங்கள். ஸ்கொட்லாந்தில் விதிகள் வேறு. அங்கே தனியாளுக்கும் கவுன்சில் பொறுப்பெடுக்க வேண்டும். கிளாஸ்கோவில் இருக்கிறவர் லண்டனுக்கு வர முடிவெடுக்கும் முன் அங்குள்ள கவுன்சிலில் விசாரித்துவிட்டு வரவேண்டும்.

வீட்டை விடும் நாளில் மீண்டும் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். திறப்பை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கடிதங்கள் பழைய விலாசத்துக்கு இன்னும் சில மாதம் வந்துகொண்டிருக்கும், ரோயல் மெயிலின் கடிதத் திசைமாற்றச் சேவைக்குக் கட்டணம் கட்டலாம், அல்லது அந்த வீட்டில் மிஞ்சியிருப்பவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.